கோடை மதியத்தில் அந்த மான்கள் ஏன் அசையவே இல்லை?

ஷார்ஜாவில் குடும்பத்தோடு இருக்கும் நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். ஜூலை மாதம் பக்கத்தில் ஒரு விலங்குப் பூங்காவுக்குப் போயிருக்கிறார். மணல் நிறத்தில் இருந்த சின்ன மான்கள் மதியம் முழுக்கப் பந்தலுக்கு அடியில் சிலைபோல நின்றனவாம், தீவனத் தொட்டிப் பக்கம் ஒன்றுகூட வரவில்லையாம். அதே கூட்டத்தை ஜனவரியில் பார்த்தபோது ஓட்டமும் துள்ளலும் சண்டையுமாக இருந்திருக்கிறது. "கோடையில் அவற்றுக்கு ஏதாவது நோயா? தண்ணீரும் தீவனமும் எப்போதும் முன்னால் இருக்கும்போது, அடைத்து வளர்க்கும் விலங்குக்குக் கோடை என்ன, குளிர் என்ன?" என்பது அவர் கேள்வி. கூடவே இன்னொன்று: மார்ச்சில் போனபோது வேலியோரம் ஒரு குட்டி தனியாகக் கிடந்ததாம், அதைப் பார்த்து மகள் அழுதுவிட்டாளாம். தாய் அதைக் கைவிட்டுவிட்டதா?

வெயில் அதிகம், அதனால் சோம்பி நிற்கின்றன என்று ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். தவறில்லை, ஆனால் அது பாதிகூட இல்லை. ஒரு விலங்கின் நாள் எப்படி நடக்கவேண்டும் என்பதை முடிவு செய்வது வெளியே அடிக்கும் வெயிலா, அதன் உடம்புக்குள் ஓடும் கணக்கா, இல்லை தீவனம் போடும் நம் கையா என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது என்று எனக்குப் படுகிறது. மூன்றுக்கும் பங்கு உண்டு. முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கோடையில் அந்த மான்கள் எதையும் நிறுத்திவிடவில்லை. நாளின் வேலையைத் தூக்கி இரவில் வைத்துக்கொண்டன. நீங்கள் போய்ப் பார்த்தது அவற்றின் நடுராத்திரியை.

நான் விலங்கியல் படித்தவன். வளைகுடாவில் ஒரு கெசல் (பாலைவனத்துச் சின்ன மான்) இனப்பெருக்க மையத்தில் 11 வருடம் பட்டிகளைப் பார்த்துக்கொண்டேன். கால்நடை மருத்துவர் இல்லை, ஆய்வாளரும் இல்லை. காலையில் எண்ணிக்கை எடுப்பது, தீவனம் எடை போடுவது, எது படுத்திருக்கிறது, எது நொண்டுகிறது என்று நோட்டில் எழுதுவது, இதுதான் என் வேலை. அதனால் கீழே சொல்வதில் ஒரு பகுதி ஆய்வுகளில் அளந்து நிறுவப்பட்டது, ஒரு பகுதி வேலியோரம் நின்று நான் பார்த்தது. எது எது என்று ஆங்காங்கே சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் பார்த்தது பெரும்பாலும் மணல் கெசலாக இருக்கும். அரபியில் ரீம் என்பார்கள். நம் ஊர்ப் புள்ளிமான்போல வருடாவருடம் கொம்பு உதிர்க்கிற மான் இல்லை இது. வெளிமான்போல, ஆடு மாடுபோல, முளைத்த கொம்பைக் கடைசிவரை வைத்திருக்கும் குடும்பம். பெண்ணுக்கும் கொம்பு உண்டு, ஆனால் மெல்லியது. வளர்ந்த ஆண் 15 முதல் 20 கிலோ வரும். இவ்வளவு சின்ன உடம்பு என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டகத்துக்குப் பெரிய உடம்பு, சூடேற நேரமாகும். இதற்கு அந்த வசதி கிடையாது.

ஒரு ஜூலை நாள் எங்கள் பட்டியில் எப்படிப் போகும் என்று சொல்கிறேன். விடியற்காலை ஐந்து மணிக்கு, வெளிச்சம் வரும்போதே, எல்லாம் எழுந்து மேய்ந்துகொண்டிருக்கும். ஏழரை, எட்டு மணிக்கு மேய்ச்சல் தளரும். ஒன்பதுக்கெல்லாம் நிழலுக்குப் போய்விடும். அதற்கப்புறம் நகர்வது நிழல்தான், அவை இல்லை. நிழல் ஒரு முழம் தள்ளினால் மானும் ஒரு முழம் தள்ளும். எங்கள் அடைப்பில் ஷேட் நெட் பந்தலும் இருந்தது, மூன்று காஃப் மரங்களும் இருந்தன. காஃப் என்பது வேறொன்றுமில்லை, நம் கோயில்களில் தலவிருட்சமாக நிற்கும் வன்னி மரம்தான். பந்தல் நிழல் பெரிது, மர நிழல் சிறிது. இருந்தும் மூத்த பெண் மான்கள் வன்னிக்கு அடியில்தான் இடம் பிடிக்கும், இளசுகளைப் பந்தலுக்குத் துரத்திவிடும். இலைகளுக்கு நடுவே காற்று புகுந்து வருவதும், வலை தானே சூடேறிக் கீழே வெப்பத்தை இறக்குவதும் காரணமாக இருக்கலாம். இது என் ஊகம். ஆனால் மரம் நட இடம் இருந்தால் வலையைவிட மரத்துக்குச் செலவு செய்யுங்கள் என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்லிவந்திருக்கிறேன்.

படுப்பதற்கு முன்னால் முன்னங்காலால் மணலைப் பறிக்கும். நான் சேர்ந்த புதிதில் அது ஏதோ பதற்றம் என்று நினைத்தேன். எங்களோடு வேலை பார்த்த சூடான் நாட்டுப் பெரியவர் ஒருவர் என் கையைப் பிடித்து மேல்மணலில் வைத்தார், வைக்க முடியவில்லை. பிறகு மான் பறித்த குழியில் வைத்தார். அது வேறு நிலம்! கோடை மதியத்தில் பாலைவன மேற்பரப்பு 60 டிகிரியைத் தாண்டிவிடும். ஒரு சாண் கீழே அந்தச் சூடு இல்லை. வயிற்றுப் பக்கம் முடி குறைவு, அந்தப் பக்கத்தைக் குளிர்ந்த மண்ணில் அழுத்திக்கொண்டு படுத்துவிடும். தரையில் எங்கள் வசதிக்காக யாரோ ஒருமுறை சரளைக்கல்லைக் கொட்டிப் பரப்பிவிட்டார்கள். அந்தக் கோடை முழுக்க அங்கே ஒரு மானும் படுக்கவில்லை.

நிழலே கிடைக்காதபோது நிற்கும் விதமும் மாறும். உச்சி வெயிலுக்கு முன்னும் பின்னும் முகத்தையோ பின்பக்கத்தையோ சூரியனுக்குக் காட்டி நிற்கும், அப்போது உடம்பில் வெயில் படும் பரப்பு குறைகிறது. குளிர்காலக் காலையில் இதற்கு நேர்மாறு. விலாவைச் சூரியனுக்குக் காட்டி, கண்ணைச் செருகிக்கொண்டு குளிர்காயும். தென்னாப்பிரிக்காவில் ஸ்பிரிங்பக் என்ற உறவினத்தில் இதை முறையாக அளந்தே காட்டியிருக்கிறார்கள். நீங்கள் ஜனவரி காலையில் ஏழரைக்குப் போனால், கூட்டம் முழுக்க ஒரே திசைக்கு விலாவைக் காட்டி நிற்பதை நேரிலேயே பார்க்கலாம்.

சரி, தண்ணீர் பக்கத்திலேயே இருக்கிறதே, குடித்துவிட்டு ஓடியாட வேண்டியதுதானே? இங்கேதான் உடம்பின் கணக்கு வருகிறது. வெளிக்காற்று உடம்பைவிடச் சூடாக இருக்கும்போது வெப்பத்தை வெளியேற்ற ஒரே வழி நீரை ஆவியாக்குவது. வியர்க்கலாம், அல்லது வாயை மூடியபடி மூக்கால் வேகமாக மூச்சு வாங்கலாம். இரண்டுமே தண்ணீர்ச் செலவு. பாலைவனத்தில் வளர்ந்த இனங்கள் வேறொரு வழியையும் கையாளும். பகலில் உடம்பு வெப்பநிலையைக் கொஞ்சம் ஏற விட்டுவிட்டு, சேர்ந்த சூட்டை இரவுக் குளிரில் செலவில்லாமல் வெளியே விடும். சவூதியில் மஹஸாத் அஸ்ஸைத் என்ற வேலியிட்ட காப்பகத்தில் மணல் கெசல்களின் உடம்புக்குள் சின்னக் கருவி பதித்து இதை அளந்தார்கள். 2006-ல் வெளியான அந்த ஆய்வில், ஒரு நாளுக்குள் உடல் வெப்பநிலை ஏறி இறங்கும் அளவு கோடையில் சராசரி 2.6 டிகிரி, குளிர்காலத்தில் 1.7 டிகிரி.

2.6 டிகிரி என்றால் பெரிதாகத் தோன்றாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 15 கிலோ உடம்பு அவ்வளவு சூடேற ஏறத்தாழ 136 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தை ஆவியாக்கி வெளியேற்றியிருந்தால் 57 மில்லி தண்ணீர் போயிருக்கும். அரை டீ கிளாஸ். ஒரு நாளைக்கு அரை கிளாஸ் தண்ணீர், ஆறு மாத வறட்சியில் குளமே இல்லாத ஊரில், சின்ன விஷயம் இல்லை. ஆனால் இந்த மிச்சம் எல்லாம் மான் அசையாமல் இருந்தால்தான். ஓடினால் தசை கொதிக்கும், சேர்த்து வைக்க இடமிருக்காது. நீங்கள் பார்த்த அசைவின்மை இந்தக் கணக்கின் ஒரு பகுதி. தொட்டியில் தண்ணீர் நிறைந்திருந்தால் அந்தக் கணக்கு தளருமா என்றால், ஓரளவு தளரும். ஒட்டகத்தில் இது நன்றாகத் தெரிந்த விஷயம். தாகமாக இருக்கும் ஒட்டகத்தின் உடம்பு ஒரு நாளில் 6 டிகிரி வரைக்கும் ஏறி இறங்கும், தண்ணீர் குடிக்கும் ஒட்டகத்தில் அது 2 டிகிரியை ஒட்டியே நிற்கும். எங்கள் மான்களும் கோடையில் நன்றாகத் தண்ணீர் குடித்தன. ஆனாலும் நிழலை விட்டு நகரவில்லை. தண்ணீர் பஞ்சத்தைத் தீர்க்கும், வெயிலைத் தீர்க்காது.

மூளை விஷயத்தில் ஒரு திருத்தம் சொல்லவேண்டும். மூக்கில் ஆறிய இரத்தம், வலைப்பின்னல்போலப் பிரிந்து மூளைக்குப் போகும் நாளங்களைச் சுற்றி ஓடி, மூளையை உடம்பைவிடக் குளிர்ச்சியாக வைக்கும் அமைப்பு இந்த விலங்குகளுக்கு உண்டு. மூளையைக் காப்பாற்றத்தான் அது என்று எனக்குப் பாடம் நடத்தினார்கள். வெப்பத்தை உணரும் பகுதியைக் குளிர்ச்சியாக வைத்து, வியர்வையையும் மூச்சிரைப்பையும் தள்ளிப்போட்டுத் தண்ணீரை மிச்சப்படுத்துவதே அதன் முக்கியப் பயன் என்று பின்னால் வந்த ஆய்வுகள் சொல்கின்றன. பழைய விளக்கத்தை நானும் பல வருடம் பார்வையாளர்களுக்குச் சொல்லியிருக்கிறேன், அதனால்தான் இங்கே திருத்துகிறேன்.

தீவனத் தொட்டிப் பக்கம் ஏன் வரவில்லை என்பதற்கு இன்னொரு காரணம் வயிற்றுக்குள் இருக்கிறது. இவை அசைபோடும் விலங்குகள். தின்றது இரைப்பையில் நொதிக்கும், நொதிக்கும்போது சூடு பிறக்கும். காலை பத்து மணிக்கு வயிறு நிறையத் தின்றால் அந்தச் சூடு சரியாக மதியத்தில் வந்து சேரும். பிறவியிலேயே இவை மாலையிலும் இரவிலும் தின்பதை விரும்புவதில் இதற்கும் பங்கு இருக்கும். காட்டில் இரவு மேய்ச்சலுக்கு வேறொரு லாபமும் உண்டு. காய்ந்த இலைகள் இரவுக் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். பகலில் தின்றால் சருகு, விடியலில் தின்றால் அதே இலையில் தண்ணீர். கென்யாவின் வறண்ட நிலங்களில் 1960-களிலேயே இதைக் கண்டு எழுதியிருக்கிறார்கள். நம் தொட்டியில் விழும் குதிரைமசாலுக்கும் ரோட்ஸ் புல்லுக்கும் இந்தக் கணக்கு அவ்வளவு பொருந்தாது. ஆனால் விலங்கின் பழக்கம் தொட்டியைப் பார்த்து உருவானது இல்லையே.

இதில் என் தவறு ஒன்றைச் சொல்லவேண்டும். முதல் வருடம் தீவன லாரி வருகிற வசதிக்காகக் காலை ஒன்பதரைக்குத் தீவனம் போட்டோம். குளிர்காலத்தில் பிரச்சினை இல்லை. ஜூன் வந்ததும் தொட்டியில் மிச்சம் விழ ஆரம்பித்தது. வெயிலில் குதிரைமசாலின் இலை பொடிந்து உதிர்ந்து, காம்பு மட்டும் கிடந்தது. சத்து இருப்பது இலையில்தான். மான்களுக்குப் பசி இல்லை என்று நினைத்து அளவைக் குறைத்தேன். ஆகஸ்டில் பெண் மான்களின் முதுகெலும்பு தெரிய ஆரம்பித்த பிறகுதான் புரிந்தது. அடுத்த கோடையிலிருந்து மாலை ஆறு மணிக்கு மேல் பெரும்பங்கு, விடியற்காலை நாலரைக்கு மிச்சம் என்று மாற்றினோம். மிச்சம் விழுவது பெரும்பாலும் நின்றுபோனது. அதற்காகக் கீப்பர்களின் ஷிஃப்டை மாற்றவேண்டியிருந்தது, நிர்வாகத்திடம் கெஞ்சவேண்டியும் இருந்தது. அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் பன்னிரண்டரை முதல் மூன்று வரை திறந்தவெளி வேலைக்குத் தடை இருக்கிறது. மனிதனுக்குச் சட்டம் போட்டு வாங்கித்தந்த அந்த மதிய நிழலை மான் தானே எடுத்துக்கொள்கிறது, நாம் குறுக்கே போய்த் தீவனம் போடாமல் இருந்தால் போதும்.

இரவில் என்ன செய்கின்றன என்று பார்க்க இரண்டு கோடைகளில் நானும் இன்னொருவரும் மாறி மாறி உட்கார்ந்தோம். ஏழேகால் மணிக்குச் சூரியன் மறைந்ததும் கூட்டம் முழுக்க எழுந்துவிடும். உடம்பை நீட்டி முறித்து, சிறுநீர் கழித்து, நேராகத் தொட்டிக்கு வரும். ஒன்பது பத்து மணிவரை தின்னும். அப்புறம் அசைபோட்டுக்கொண்டு படுக்கும், மறுபடி எழும், இளசுகள் ஒன்றையொன்று துரத்தும், விடியலுக்கு முன் இன்னொரு முறை நன்றாகத் தின்னும். நீங்கள் ஜனவரி பகலில் பார்த்த அத்தனையும் ஜூலை இரவில் நடந்துகொண்டிருந்தது. நிலவில்லாத இரவுகளில் என்னால் சரியாகப் பார்க்க முடியவில்லை. டார்ச் அடித்தால் அவை நின்றுவிடும், ஆகவே அந்த இரவுகள் என் கணக்கில் இல்லை.

கடலோரம், உள்நாடு என்ற வேறுபாட்டையும் கவனியுங்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் வளைகுடாக் கரையில் இரவில் புழுக்கம் தாங்காது. காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் ஆவியாதல் சரியாக நடக்காது, சேர்ந்த சூட்டை இரவில் விடும் ஏற்பாடும் மந்தமாகிவிடும். 38 டிகிரி புழுக்கமான நாளில் எங்கள் மான்கள் 44 டிகிரி உலர்ந்த நாளைவிட அதிகமாக மூச்சு வாங்கியதை நான் பார்த்திருக்கிறேன். விலா ஏறி இறங்குவதை நிமிடத்துக்கு எத்தனை என்று எண்ணினால் தெரிந்துவிடும். வெப்பமானியை மட்டும் பார்த்து இன்று பரவாயில்லை என்று முடிவு கட்டக்கூடாது என்பதை அங்கேதான் கற்றேன். ஆகஸ்ட் கடைசி வாரத்தில் விடியலுக்கு முன் தென்கீழ்வானில் சுஹைல் நட்சத்திரம் தெரிந்தால் வெயில் முறியத் தொடங்கும் என்பது அரபு நாடோடிகளின் கணக்கு. நாம் அகத்தியர் என்று சொல்லும் அதே நட்சத்திரம்தான். சுஹைல் தெரிந்து மூன்று நான்கு வாரத்தில் எங்கள் நோட்டில் மாற்றம் தெரியும். நிழலுக்குப் போகும் நேரம் ஒன்பதிலிருந்து பத்தாகும், பத்தரையாகும். நவம்பரில் மதியத்திலும் பாதிக் கூட்டம் வெயிலில் இருக்கும்.

குளிர்கால நாள் கிட்டத்தட்டத் தலைகீழ். இரவில் காற்றுக்கு மறைவான இடத்தில் ஒடுங்கிப் படுக்கும். முடி நீண்டு அடர்ந்திருக்கும். சூரியன் ஏறியதும் குளிர்காய்ந்துவிட்டு, ஒன்பது மணிக்கு மேல் மேயத் தொடங்கி, நடுவில் அசைபோட மட்டும் படுத்து, மாலைவரை நடமாடும். உங்களுக்குத் துள்ளலாகவும் சண்டையாகவும் தெரிந்ததற்கு இன்னொரு காரணம் உண்டு, அது வெயில் சம்பந்தப்பட்டது இல்லை. அக்டோபர் கடைசியிலிருந்து எங்கள் ஆண்களுக்குக் கழுத்து தடிக்கும், தொண்டையில் வீக்கம் போலத் தெரியும். அடித்தொண்டையிலிருந்து கரகரவென்று ஒரு ஒலி எழுப்பும். கண்ணுக்கு முன்னால் உள்ள சுரப்பியைக் குச்சியிலும் வேலிக்கம்பியிலும் தேய்க்கும், ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் புழுக்கை போட்டு எல்லை குறிக்கும். தின்பதை மறந்து பெண்களைத் துரத்தும், எடை குறையும். சில வாரங்களுக்கு அதன் நாள் முழுக்க இதுவே. பட்டிக்குள் இதுதான் வருடத்தின் ஆபத்தான காலம், கோடை இல்லை. தோற்ற ஆண் ஓட இடமில்லாமல் வேலியில் மோதும். எனவே ஒரு பெண் கூட்டத்துக்கு ஒரே ஆண், மற்ற ஆண்களுக்குத் தனிப் பட்டி, இரண்டுக்கும் நடுவே கண்ணுக்கு மறைப்பாக அடர்ந்த வலை என்று வைப்போம். கொம்பு நுனியில் ரப்பர் குழாய் மாட்டுவதும் உண்டு.

இந்தப் பருவத்தை எது தொடங்கி வைக்கிறது? வெயில் குறைவதா, பகல் சுருங்குவதா? செம்மறியிலும் வெள்ளாட்டிலும் பதில் உறுதியாகத் தெரியும். இரவின் நீளத்தைப் பொறுத்து மெலடோனின் என்ற ஹார்மோன் சுரக்கும் நேரம் கூடிக் குறைகிறது, குளிர்நாட்டு இனங்கள் இரவு நீளும்போது பருவத்துக்கு வரும். கெசல்களிலும் அடிப்படை அதுவே என்று நம்பலாம். அபுதாபி இருக்கும் அட்சரேகையில் டிசம்பர் பகல் பத்தரை மணி நேரம், ஜூன் பகல் பதிமூன்றே முக்கால். மூன்று மணி நேரத்துக்கு மேல் வேறுபாடு, உடம்பு கவனிக்கப் போதுமானது. சென்னையில் அது ஒன்றரை மணி நேரம்தான், நம் ஊர்க் கொடி ஆடுகளும் கன்னி ஆடுகளும் எல்லா மாதமும் குட்டி போடுவதை நினைத்துப் பாருங்கள். ஆனால் நாள்நீளம் மட்டுமே ஆட்சி செய்யவில்லை, தீவனமும் செய்கிறது. சினைக்காலம் சுமார் ஐந்து மாதம், எனவே எங்களிடம் பெரும்பாலான குட்டிகள் மார்ச், ஏப்ரலில் பிறந்தன. இருந்தும் நன்றாகத் தின்ற கூட்டங்களில் இலையுதிர்காலத்திலும் சில குட்டிகள் விழுந்தன. டார்கஸ் என்ற சகாரா இனம் காப்பகங்களில் வருடம் முழுக்கவே குட்டி போடும். இதைவிட நுணுக்கமாக எவ்வளவு ஒளி, எவ்வளவு உணவு என்று பிரித்துச் சொல்ல என் நோட்டு போதாது.

இனி நம் கை. அடைத்து வளர்க்கும் விலங்கின் நாளில் மிகப் பெரிய கடிகாரம் தீவனம்தான். ரமலான் மாதத்தில் இதைத் தெளிவாகப் பார்த்தேன். ரமலான் ஒவ்வொரு வருடமும் ஏறத்தாழ 11 நாள் முன்னே வரும், அந்த மாதத்தில் வேலை நேரம் மாறும், தீவன நேரமும் ஒன்றிரண்டு மணி தள்ளிப்போகும். முதல் நாலைந்து நாள் மான்கள் பழைய நேரத்துக்கே வாசலில் வந்து நிற்கும். அப்புறம் புதிய நேரத்துக்குப் பழகிவிடும். மாதம் முடிந்ததும் மறுபடி அதே குழப்பம். வெயிலும் மாறவில்லை, நாளின் நீளமும் பெரிதாக மாறவில்லை, மாறியது வாளி வரும் நேரம் மட்டும். அதனால், அடைப்பில் உள்ள மான்களைப் பகலில் மட்டும் பார்த்து எழுதிய குறிப்புகளை, என்னுடையதையும் சேர்த்து, கொஞ்சம் சந்தேகத்தோடு படியுங்கள். கெசல் எப்போது தின்னும் என்று நினைத்து, கீப்பர் எப்போது வருகிறார் என்பதை அளந்துவிடும் ஆபத்து அதில் உண்டு.

அடைப்பு அவற்றிடமிருந்து பறிப்பது ஒன்று இருக்கிறது, அது பட்டிக்குள் நின்று பார்த்தால் தெரியாது. காட்டு மணல் கெசலுக்குப் பருவம் மாறுவது என்றால் இடம் மாறுவது. எங்கோ மழை பெய்தால் அங்கே போகும், காய்ந்தால் கிளம்பும். மேலே சொன்ன மஹஸாத் அஸ்ஸைத் காப்பகம் 2,244 சதுர கிலோமீட்டர். 1989-ல் வேலி போட்டு வேட்டையிலிருந்தும் ஆட்டு மந்தைகளிலிருந்தும் காப்பாற்றினார்கள், 1990 தொடங்கி மணல் கெசல்களை அங்கே விட்டார்கள், நன்றாகப் பெருகின. பின்னால் வறட்சி வந்தபோது அதே வேலி குறுக்கே நின்றது. 1999 முதல் 2008 வரையான பத்து வருடத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மணல் கெசல்கள் உள்ளே செத்தன, பெரும்பாலும் கோடைகளில், பட்டினியால். அவ்வளவு பெரிய அடைப்பே போதவில்லை. தாயிஃபில் உள்ள ஆய்வு மையத்தில் தீவனத்தையும் தண்ணீரையும் நான்கு மாதம் படிப்படியாகக் குறைத்துப் பார்த்தபோது, இந்த மான்கள் தங்கள் கல்லீரலையும் இதயத்தையும்கூடச் சுருக்கிக்கொண்டு செலவைக் குறைத்தன. அவ்வளவு தாங்கக்கூடிய உடம்பு, நடந்து போக வழி இல்லாதபோது தோற்றது. நம் பட்டியில் தொட்டி நிறைந்திருப்பதால் பட்டினி இல்லை. ஆனால் இடம் மாறும் வழி அடைபட்டதால் நேரத்தை மாற்றுவது மட்டும்தான் அவற்றிடம் மிச்சம். அதையும் நாம் ஒன்பதரை மணி லாரியால் கெடுத்துவிடக்கூடாது.

ஜூலையில் நீங்கள் பார்த்தவை நோயாளிகளா என்பதற்கு வருகிறேன். பார்க்காமல் உறுதி சொல்ல முடியாது, ஆனால் நீங்கள் சொன்ன விவரத்தில் நோயின் அடையாளம் எதுவும் இல்லை. நான் கவலைப்படும் அடையாளங்கள் வேறு: வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, எச்சில் ஒழுகுவது, கூட்டத்தை விட்டு ஒன்று மட்டும் தனியே தலையைத் தொங்கப்போட்டு நிற்பது, நிழல் இருந்தும் வெயிலில் கிடப்பது, அசைபோடாமல் இருப்பது, எல்லாவற்றுக்கும் மேலாகச் சூரியன் மறைந்த பிறகும் எழாமல் இருப்பது. சாயங்காலம் எழுந்து நீட்டி முறித்துத் தொட்டிக்கு வரும் மான், மதியம் முழுக்கச் சிலையாக நின்றிருந்தாலும் நலமாகவே இருக்கிறது. ஒரு வேண்டுகோள், அசையட்டும் என்று கைதட்டாதீர்கள், வேலியைத் தட்டாதீர்கள். கோடை மதியத்தில் பயந்து ஓடிய மான் உடம்புச் சூடு ஏறி, தசை சிதைந்து, ஓரிரு நாள் கழித்துக்கூடச் சாகும். அதற்காகவே பிடிப்பது, ஊசி போடுவது, இடம் மாற்றுவது எல்லாவற்றையும் நாங்கள் குளிர்கால விடியலுக்கு ஒத்திவைப்போம். அடுத்த முறை பூங்கா மாலையில் திறந்திருக்கும் நாளாகப் பார்த்துப் போங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எத்தனை நிற்கின்றன, எத்தனை படுத்திருக்கின்றன, எத்தனை தின்கின்றன என்று மகளை எழுதச் சொல்லுங்கள். நான் 11 வருடம் செய்ததும் அதுதான்.

அந்தக் குட்டி. கைவிடப்பட்டிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. கெசல் குட்டி பிறந்து முதல் சில வாரங்கள் தாயோடு சுற்றாது. தரையோடு தரையாகத் தலையை நீட்டி, காதை ஒட்டவைத்துக்கொண்டு படுத்திருக்கும். நீங்கள் பக்கத்தில் போனாலும் அசையாது. தாய் வேண்டுமென்றேதான் தள்ளி நிற்கும், அது பக்கத்தில் நின்றால் நரிக்கு இடம் காட்டிக்கொடுத்ததுபோல் ஆகிவிடும். நாளில் சில தடவை மட்டும் வந்து பால் கொடுத்து, நக்கிச் சுத்தம் செய்து, திரும்பப் போய்விடும். மணல் கெசல் அடிக்கடி இரட்டைக் குட்டி போடும், இரண்டும் வேறு வேறு இடத்தில் படுத்திருக்கும். என் முதல் வசந்தத்தில் அப்படிக் கிடந்த ஒன்றை நான் தூக்கிவந்துவிட்டேன். சூடான் பெரியவர் ஒன்றும் பேசாமல் அதை என் கையிலிருந்து வாங்கி, மணலைத் தேய்த்து, எடுத்த அதே பள்ளத்தில் வைத்துவிட்டு என்னை வெகுதூரம் அழைத்துப் போய் உட்காரவைத்தார். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. பந்தலுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெண் மான் எங்களைப் பார்த்துக்கொண்டே சுற்றி வந்து, குட்டிக்குச் சற்றுத் தள்ளி நின்று மெல்லக் குரல் கொடுத்தது. குட்டி எழுந்து ஓடியது. உங்கள் மகளிடம் இதைச் சொல்லுங்கள்.